பத்து லட்சம் ரூபாய்க் காசு

உங்கள் வீட்டிலும் பழங்காசு போட்டு வைத்த டப்பா ஒன்று இருக்கும். பூஜை அலமாரியின் மூலையிலோ, பீரோவில் பட்டுப் புடவைகளுக்கு அடியிலோ எங்கேயாவது கிடக்கும். தேடி எடுத்து மடியில் வைத்துக் கொள்ளுங்கள். இந்த வாரம் அந்த டப்பாவைப் பற்றித்தான் உங்களோடு பேசப் போகிறேன்.

சென்ற மாதம் திட்டக்குடிக்குப் போயிருந்தேன். என் சித்தி பெண் அங்கேதான் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். வெள்ளாற்றங்கரை ஊர், வைத்தியநாத சுவாமி கோயில் மணியோசை வீடு வரை கேட்கும். நான் போனால் வீடு அதிரப் பேசுகிறவள், இந்தத் தடவை வாயைத் திறக்கவில்லை. ராத்திரி சாப்பாடு ஆகி, அவள் வீட்டுக்காரர் வாசலுக்குப் போனதும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, உங்களிடம் மட்டும் சொல்கிறேன். அவருக்குத் தெரியாது" என்று ஆரம்பித்தாள்.

செல்போனில் ஒரு விளம்பரம் பார்த்திருக்கிறாள். வைஷ்ணோ தேவி அம்மன் உருவம் போட்ட ஐந்து ரூபாய் நாணயம் உங்களிடம் உண்டா, உடனே பத்து லட்சம் ரூபாய் தருகிறோம் என்று அதில் இருந்ததாம். அவள் உண்டியலில் சரியாக அப்படி ஒரு காசு இருந்தது. அம்மனே கண் திறந்து விட்டாள் என்று நினைத்து, அதில் இருந்த நம்பருக்குப் பேசினாள். மறுமுனையில் பேசியவன் வாய்க்கு வாய் 'மேடம்' என்றான். காசைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னான். அரை மணி நேரத்தில் ரிசர்வ் பாங்க் முத்திரையோடு ஒரு கடிதம் வந்தது. பதிவுக் கட்டணம் 1,150 ரூபாய் என்றான்; கட்டினாள். வருமான வரி 6,500 ரூபாய் என்றான். மகளிர் குழுவில் கட்ட வைத்திருந்த பணத்தை எடுத்துக் கட்டினாள். இப்போது இன்ஷூரன்ஸுக்கு 18,000 ரூபாய் வேண்டுமாம். விடிந்ததும் ஜிமிக்கியை அடகு வைப்பதாக இருந்தாள்.

"இதைக் கட்டாவிட்டால் முன்னே கட்டியதும் போய்விடும் என்கிறான், அக்கா" என்று சொல்லும்போதே அவளுக்குக் குரல் உடைந்து விட்டது.

சகோதரிகளே, இதைப் படித்து 'என்ன அசட்டுப் பெண்!' என்று சிரித்து விடாதீர்கள். அவள் வீட்டுக் கணக்கைப் பைசா பிசகாமல் எழுதுகிறவள். இந்த வலையில் விழுந்தவர்கள் நாடெங்கும் இருக்கிறார்கள். அதனால்தான் 2021 ஆகஸ்டு 4ஆம் தேதி ரிசர்வ் பாங்கே ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. பழைய நோட்டு, நாணயம் வாங்கி விற்கும் வேலையில் நாங்கள் ஈடுபடுவதில்லை. அதற்காகக் கட்டணமோ கமிஷனோ கேட்பதில்லை. எங்கள் பெயரில் வசூலிக்க யாருக்கும் அதிகாரம் கொடுக்கவுமில்லை என்று திட்டவட்டமாகச் சொல்லிவிட்டது.

அந்த அம்மன் காசு 2012ஆம் வருஷம் பொறித்தது. வைஷ்ணோ தேவி கோயில் வாரியத்தின் வெள்ளி விழாவுக்காக வெளியிட்டார்கள். காய்கறிக்காரியின் சில்லறையில் வந்து சேர்ந்த காசு லட்சக்கணக்கில் போகுமா? அன்று ராத்திரியே அவள் வீட்டுக்காரரை உள்ளே கூப்பிட்டுச் சொல்ல வைத்தேன். மனிதர் இரண்டு நிமிஷம் பேசவில்லை. பிறகு, "இதை முதல் நாளே சொல்லியிருந்தால் அந்த 1,150ஐயும் காப்பாற்றி இருக்கலாமே" என்றார், அவ்வளவுதான். இணைய மோசடிக்கென்று சர்க்கார் வைத்திருக்கும் 1930 என்ற நம்பருக்கு உடனே பேசிப் புகாரைப் பதிவு செய்தோம். கட்டிய பணம் திரும்புமோ என்னவோ, ஜிமிக்கி காதில் இருக்கிறது.

மறுநாள் காலையில் அவளுடைய மாமியார் உள்ளே போய் ஒரு பித்தளைச் சம்புடத்தைக் கொண்டு வந்தார். "காசைப் பற்றி என்னிடம் கேட்க வேண்டியதுதானே?" என்று சொல்லிக் கொண்டே பாயில் கொட்டினார். அடேயப்பா! நம் நாட்டு நாணயச் சரித்திரமே பாயில் உருண்டு கிடந்தது.

முதலில் கையில் எடுத்தது ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் வெள்ளி ரூபாய். அந்த அம்மாளின் தாயாருக்குச் சீரில் வைத்ததாம். 1835 முதல் 1939 வரை நம் ரூபாய் ஒரு தோலா எடை, அதாவது 11.66 கிராம். அதில் நூற்றுக்கு 91.7 பங்கு வெள்ளி. ஒரு ரூபாயில் சுமார் 10.7 கிராம் சுத்த வெள்ளி இருக்கிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். அன்றைய வெள்ளி விலையால் பெருக்கிப் பார்த்தால், எந்தக் கடைக்காரரும் உங்களை ஏமாற்ற முடியாது. யுத்தம் வந்தது, 1940இல் வெள்ளியைப் பாதியாகக் குறைத்தார்கள். 1947இல் ரூபாயில் வெள்ளியே இல்லை. புலி உருவம் போட்ட நிக்கல் ரூபாய் வந்தது. யுத்த காலத்தில் உலோகத்தை மிச்சப்படுத்த நடுவில் துளை போட்டதுதான் ஓட்டைக் காலணா. சம்புடத்தில் அதுவும் நான்கைந்து இருந்தன.

1950இல் மன்னர் தலை போய் அசோகச் சிங்கம் வந்தது. காலணாவில் குதிரை, ஓரணாவில் காளை. பிறகு 1957 ஏப்ரல் 1ஆம் தேதி, பதினாறு அணா, 64 காலணா, 192 தம்பிடி என்றிருந்த ரூபாய் 100 நயா பைசா ஆகிவிட்டது. கால் ரூபாய் 25 என்று சரியாக வந்தது. ஆனால் ஓரணாவுக்கு ஆறேகால் நயா பைசா அல்லவா? அந்தக் காலைத் தள்ளிவிட்டு ஆறு என்று வைத்தார்கள். அந்தக் கால் யார் பைக்குப் போனது என்று கடைவீதியில் எத்தனை சண்டை நடந்திருக்கும்! 1964 ஜூன் மாதம் 'நயா' என்ற அடைமொழியை எடுத்து விட்டார்கள். வெறும் பைசா ஆனது.

அப்புறம் அலுமினியக் காசுகள்: ஆறு பக்கம் கொண்ட மூன்று பைசா, சதுரமான ஐந்து பைசா, பூப் போல விளிம்பு வளைந்த பத்துப் பைசா. தாமரைப் பூப் போட்ட மஞ்சள் நிற இருபது பைசா 1968 முதல் 1971 வரை பொறித்தது. அதில் 108 சேர்த்து வெள்ளிக்கிழமையில் லக்ஷ்மிக்கு அர்ச்சனை செய்கிற வீடுகள் உண்டு. உங்கள் வீடும் அப்படி இருக்கலாம். காண்டாமிருகம் போட்ட கால் ரூபாயை நாமே செலவழித்திருக்கிறோம். 2011 ஜூன் 30ஆம் தேதியோடு, 25 பைசாவும் அதற்குக் கீழே உள்ளவையும் செல்லாக்காசு ஆயின. ஐம்பது பைசாவுக்கு அந்தக் கதி வரவில்லை. சட்டப்படி அது இன்றும் செல்லும்.

"அப்படியானால் விலை போகிற காசு என்று ஒன்றுமே இல்லையா, அக்கா?" என்று கேட்டாள் தங்கை. இருக்கிறது. ஒரு காசுக்கு விலை ஏறுவதற்கு மூன்று காரணங்கள்தான்: எத்தனை காசு மிச்சம் இருக்கிறது, அது எவ்வளவு தேயாமல் இருக்கிறது, எத்தனை பேர் அதைத் தேடுகிறார்கள். வயசு மட்டும் போதாது. 1918ஆம் வருஷத்து வெள்ளி ரூபாய் நூறு வருஷத்துக்கு மேற்பட்டது. ஆனால் ஏராளமாக இருக்கிறது. 1939ஆம் வருஷத்து வெள்ளி ரூபாய் அதைவிட இளையது. கிடைப்பதோ வெகு அபூர்வம். ஆகவேதான் அதில் போலியும் நடமாடுகிறது.

1911இல் ஒரு வேடிக்கை நடந்தது. மன்னரின் அங்கியில் இருந்த குட்டி யானை, பார்க்கிறவர்கள் கண்ணுக்குப் பன்றியாகத் தெரிந்தது. ஜனங்கள் மனம் புண்பட்டார்கள். வெளியே போனவை சுமார் ஏழு லட்சம் காசுகள்தான். கஜானாவில் இருந்தவற்றை உருக்கிவிட்டு, அடுத்த வருஷம் யானையின் துதிக்கையைத் திருத்தமாகப் போட்டார்கள். 'பன்றி ரூபாய்' என்று சேகரிப்பவர்கள் இன்றும் அதைத் தேடுகிறார்கள்.

பணக்கார நாடான அமெரிக்காவிலும் கதை இதேதான். 1964 வரை அங்கே பத்து சென்ட், கால் டாலர் காசுகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வெள்ளி. 1965இல் சட்டம் போட்டு அந்த வெள்ளியை எடுத்து விட்டார்கள். உடனே அந்த ஊர்ப் பெண்மணிகளும் பழைய காசுகளைப் பொறுக்கி டப்பாவில் போட்டுக் கொண்டார்கள்! 1933இல் அடித்த இருபது டாலர் தங்கக் காசு நான்கு லட்சத்து நாற்பத்தையாயிரத்துக்கு மேல். ஆனால் தங்கக் காசு புழங்கக் கூடாது என்று அப்போதுதான் உத்தரவு வந்ததால், அநேகமாக எல்லாவற்றையும் உருக்கி விட்டார்கள். தப்பிய சிலவற்றில் ஒன்றுதான் தனியார் வைத்துக் கொள்ளச் சட்டம் இடம் கொடுத்த காசு. அது 2021இல் ஏலத்தில் ஒரு கோடியே எண்பத்தெட்டு லட்சம் டாலருக்குமேல் போயிற்று. அதற்கு அத்தனை விலை வந்தது, எல்லோர் உண்டியலிலும் அது இல்லாததால்தான். அங்கே ஒரு சென்ட் காசு செய்ய மூன்றரை சென்டுக்கு மேல் செலவாகிறது என்று, 2025 நவம்பரில் புழக்கத்துக்காக அதை அடிப்பதையும் நிறுத்தி விட்டார்கள். 'செல்லாக்காசு' ஆகவில்லை, இருப்பது செல்லும்.

"ஆத்தங்கரைப் பக்கம் காடு உழும்போது எப்பவாவது காசு கிடைக்கும் என்பார்களே, அது?" என்று கேட்டார் மாமியார். நல்ல கேள்வி. திட்டக்குடியைத் தொட்டுக் கொண்டு ஓடும் இந்த வெள்ளாறு போய்க் கடலில் விழுவது பறங்கிப்பேட்டையில். பல தேசத்துக் கப்பல்கள் வந்த துறைமுகம் அது. ஒரு பக்கம் விஷ்ணு உருவமும் மறுபக்கம் புள்ளிப் புள்ளியாகவும் இருக்கும் பொன் காசு ஒன்றுக்குப் 'பறங்கிப்பேட்டை வராகன்' என்றே பேர். 1818இல் சென்னை ராஜதானியில் ரூபாயைப் பிரதானமாக்கி, வராகனுக்கு மூன்றரை ரூபாய் என்று கணக்கு வைக்கும் வரை நம் பாட்டிமார் வராகன் கணக்கிலும் பணக் கணக்கிலும்தான் வாழ்ந்தார்கள். ஆனால் பூமிக்குள் புதையலாகக் கிடைப்பது நம் சொத்து ஆகிவிடாது. பத்து ரூபாய் மதிப்புக்கு மேல் இருந்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878ஆம் வருஷத்துச் சட்டமே இருக்கிறது. உருக்கித் தோடு பண்ணிக் கொண்டால், தோடு மிஞ்சும், சரித்திரம் போய்விடும்.

சேகரிக்க ஆசையா? காசு செலவில்லாமல் ஆரம்பிக்கலாம். கடைச் சில்லறையைக் குழந்தைகளிடம் கொடுங்கள். வருஷத்துக்குக் கீழே உள்ள குறியைப் பார்க்கச் சொல்லுங்கள். வைரக் குறி இருந்தால் மும்பை, நட்சத்திரம் ஹைதராபாத், புள்ளி நொய்டா, ஒன்றுமே இல்லாவிட்டால் கல்கத்தா. அண்ணாதுரையின் நூற்றாண்டுக்காக 2009இல் வந்த ஐந்து ரூபாயில் அவருடைய தமிழ்க் கையெழுத்தே இருக்கும். தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்கு 2010இல் ஒரு ஐந்து ரூபாய், காமராஜருக்கு ஒன்று. இவையெல்லாம் சில்லறையோடு வந்தவைதான். லீவு நாளில் பிள்ளைகள் வெயிலில் அலையாமல் இருக்க இதைவிட நல்ல பொழுதுபோக்கு உண்டா?

ஒன்றே ஒன்று, நம் கை சும்மா இருக்க வேண்டும்! புளியைப் போட்டுத் தேய்க்காதீர்கள். குத்துவிளக்குக்குப் பளபளப்பு அழகு. பழங்காசுக்கு அதன் கறுப்புதான் அழகு. தேய்த்த காசைக் கண்டால் சேகரிப்பவர் முகம் சுளிப்பார். விளிம்பில் பிடித்து எடுங்கள். காகித உறையில் தனித்தனியாகப் போட்டு, யார் கொடுத்தது என்று மேலே எழுதி வையுங்கள். விற்க நினைத்தால், கண்ணெதிரே கடை வைத்திருக்கும் நாணய வியாபாரிகள் இரண்டு மூன்று பேரிடம் காட்டி விலை கேளுங்கள். வாங்குகிறவர்தான் பணம் கொடுப்பார். விற்கிற நம்மிடம் முன்பணம் கேட்கிறவன் திருடன். முக்கியமாக, 'வீட்டில் சொல்லாதீர்கள், ரகசியம்' என்று எவனாவது சொன்னால், அந்த நிமிஷமே வீட்டில் சொல்லுங்கள். அவன் பிழைப்பு நடப்பது நம் வெட்கத்தில்தான்.

ஊருக்குக் கிளம்பிய அன்று, பஸ் ஸ்டாண்டில் வழிக்கு இரண்டு வாழைப்பழம் வாங்கினேன். பத்து ரூபாய் நாணயத்தை நீட்டினால், "இது போகாதும்மா, நோட்டாக் குடுங்க" என்றார் கடைக்காரர். பத்து ரூபாய் நாணயம் பதினான்கு விதமான உருவத்தில் இருந்தாலும் எல்லாம் செல்லும் என்று 2018 ஜனவரியிலேயே ரிசர்வ் பாங்க் சொல்லியிருக்கிறது. ரூபாய்க் குறி இருந்தாலும் செல்லும், இல்லாவிட்டாலும் செல்லும். அதைச் சொல்ல நான் வாய் எடுப்பதற்குள் என் தங்கை முந்திக் கொண்டாள்.

"ஏன் அண்ணே போகாது? செல்லும் என்று ரிசர்வ் பாங்கே சொல்கிறது, நீங்கள் போகாது என்கிறீர்கள். பத்து லட்சம் தருகிறேன் என்று எவனோ சொன்னால் மட்டும் எல்லோரும் நம்பிவிடுகிறோம்!"

கடைக்காரர் அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, நாணயத்தை வாங்கிக் கல்லாவில் போட்டுக் கொண்டார். என் தங்கை காதில் ஜிமிக்கி ஆட, இரண்டு நாளைக்குப் பிறகு முதல் தடவையாகச் சிரித்தாள்.