மின்மடலும் அஞ்சற்கூலியும்

இங்கிலாந்து நாட்டில் 1840-ஆம் ஆண்டுக்கு முன்னர், கடிதத்திற்குரிய கூலியைப் பெரும்பாலும் அதனைப் பெறுபவரே செலுத்தி வந்தனர். அஞ்சற்காரர் வாயிலில் வந்து நிற்பார். உரிய காசைக் கொடுத்தால்தான் கடிதம் கைக்கு வரும். கடிதம் எத்தனை தாள்களால் ஆனது, எவ்வளவு தொலைவிலிருந்து வந்தது என்பனவற்றைக் கணக்கிட்டுக் கூலி வாங்கினர். கையிற் காசில்லாத எளியோர்க்குக் கடிதம் வந்தும் வாராததே ஆயிற்று. இவ்வல்லலைக் கண்ட ரௌலண்டு ஹில் என்னும் அறிஞர், எழுதுபவரே கூலியை முன்னதாகச் செலுத்துதல் வேண்டும் எனவும், அது நாடு முழுவதும் ஒரே அளவினதாய், எளியோர்க்கும் ஏற்றதாய் இருத்தல் வேண்டும் எனவும் வற்புறுத்தினார். அதன் பயனாக 1840-இல் ஒரு பென்னி அஞ்சல் முறை தோன்றியது, அஞ்சல்தலையும் பிறந்தது. இந்தியாவில் 1854-ஆம் ஆண்டில் நாடு முழுவதற்கும் பொதுவான அஞ்சல்தலை நடைமுறைக்கு வந்தது. சுமையை எழுதுபவர் ஏற்க வேண்டும்; படிப்பவர்மேல் அதனை ஏற்றுதல் ஆகாது. இதுவே அச்சீர்திருத்தத்தின் உட்பொருள்.

இன்று கடிதத்தின் இடத்தைப் பெரும்பாலும் மின்மடல் பிடித்துக்கொண்டது. தந்தி வழக்கில் இருந்த காலத்தில் ஒவ்வொரு சொல்லுக்கும் காசு கொடுக்க வேண்டியிருந்தது. அதனால் மக்கள் சொல்லை எண்ணி எண்ணிச் செலவிட்டனர். அத்தந்தியும் இந்தியாவில் 2013-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் நிறுத்தப்பட்டது. மின்மடலுக்கோ சொற்கணக்கும் இல்லை; அஞ்சல்தலையும் இல்லை. ஒருவர்க்கு அனுப்புவதும் நூற்றுவர்க்கு அனுப்புவதும் எழுதுபவர்க்கு ஒன்றே. ஆயினும், கூலி அறவே ஒழிந்துவிட்டது என எண்ணுதல் தவறு. அது மீண்டும் பெறுபவர் தலையில் ஏறியுள்ளது. அவர் இப்பொழுது காசு கொடுப்பதில்லை. தம் காலத்தையும் கவனத்தையும் கண்ணொளியையும் கொடுக்கிறார். நூற்றுவர்க்கு அனுப்பிய வீண்மடல் ஒவ்வொருவரிடமும் ஒரு நிமிடத்தைப் பறித்தால், நூறு நிமிடம் பாழாகிறது அன்றோ?

ஆகவே, படிப்பவர் செலுத்தும் கூலியைக் குறைப்பதே மின்மடல் எழுதுவோர்தம் முதற்கடமை. அதற்கு வழி இரண்டு. ஒன்று, எளிய உரையில் எழுதுதல். மற்றொன்று, மடல்மரபைப் பேணுதல்.

எளிய உரை என்பது எழுத்துகளும் நிறுத்தக்குறிகளும் வரிகளும் மட்டுமே கொண்ட மடலாகும். வண்ணமும், அளவு மாறும் எழுத்தும், பின்புலப் படமும் அதில் இல்லை. மின்மடல் பிறந்தபொழுது இவ்வடிவிலேயே பிறந்தது. 1971-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுக் கேம்பிரிட்ஜ் நகரில் ரே டாம்லின்சன் என்னும் பொறியியலறிஞர், ஒரு கணிப்பொறியிலிருந்து மற்றொரு கணிப்பொறிக்கு வலையமைப்பின் வழியாக மடல் அனுப்பும் முறையை அமைத்தார். முகவரியில் ஆட்பெயருக்கும் கணிப்பொறியின் பெயருக்கும் இடையே நிற்கும் '@' என்னும் குறியைத் தேர்ந்தெடுத்தவரும் அவரே. 1982-இல் மடலின் அமைப்பு வரையறுக்கப்பட்டபொழுது, 128 குறிகளைக் கொண்ட ஆங்கில எழுத்து அட்டவணை ஒன்றே அதற்கு அடிப்படையாயிற்று. 1992-இல் நத்தானியேல் போரன்ஸ்டைன், நெட் ஃபிரீடு என்னும் இருவர் வகுத்த 'மைம்' என்னும் முறை, படத்தையும் ஒலியையும் பிறமொழி எழுத்துகளையும் மடலில் ஏற்றி அனுப்ப வழி செய்தது. அதன்பின்னர், இணையப் பக்கங்களை ஆக்கும் 'எச்.டி.எம்.எல்.' என்னும் குறிமொழியும் மடலுக்குள் புகுந்தது. மடல், விளம்பரத் தாளைப்போல் ஒப்பனை பூண்டது.

எளிய உரையின் முதற்சிறப்பு, அஃது எங்கும் செல்லும் என்பதே. ஒரு பக்கத் தமிழ்க் கடிதம் எழுத்தாகச் செல்லும்பொழுது சில ஆயிரம் பைட்டுகளில் அடங்கிவிடும். அதே பக்கத்தைக் கைப்பேசியாற் படம்பிடித்து அனுப்பினால் பல இலட்சம் பைட்டுகள் ஆகும். மேலும், இணைப்பாகச் செல்லும் கோப்பு, வழியில் எழுத்துவடிவாக மாற்றப்படுதலின், தன் அளவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகப் பெருகுகிறது. அலைவரிசை நலிந்த சிற்றூரில் இருப்பவர்க்கு இவ்வேறுபாடு பெரிது. பார்வையற்றோர் மடல் படிக்கும் முறையையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். திரையில் உள்ள எழுத்துகளை ஒலியாக மாற்றிச் சொல்லும் மென்பொருளின் துணையால் அவர்கள் படிக்கின்றனர். எளிய உரையை அது தொடக்கம் முதல் இறுதிவரை தடையின்றிச் சொல்லும். படத்துக்குள் அடைபட்ட எழுத்தைச் சொல்ல இடர்ப்படும். அறிவிப்பு ஒன்றை அழகிய படமாக ஆக்கி அனுப்பியவர் தம் கலைத்திறனை எண்ணி மகிழலாம். அதனைப் படிக்க இயலாதவர்க்கு அது பூட்டிய கதவே.

இரண்டாவது சிறப்பு, அதன் வெளிப்படைத் தன்மை. ஒப்பனை மடலில் கண்ணுக்குத் தெரியும் சொல் ஒன்றாகவும், அதன் பின்னால் மறைந்திருக்கும் இணைய முகவரி வேறாகவும் இருத்தல் கூடும். வங்கியின் பெயரைக் கண்டு ஒருவர் தொடுவார். திறப்பதோ கள்வர் அமைத்த பக்கமாக இருக்கும். கடவுச்சொல்லைத் திருடுவோர் பலரும் கையாளும் சூழ்ச்சி இது. புள்ளியளவே உள்ள படம் ஒன்றை மடலில் ஒளித்து வைத்து, படிப்பவர் அதனை எப்பொழுது திறந்தார் என்பதை அவர் அறியாமலே அறிந்துகொள்வோரும் உளர். எளிய உரையில் இத்தகைய மறைவிடம் இல்லை. முகவரி உள்ளவாறே வரியில் நிற்கும். அதிலும் பொய்யான முகவரியை எழுத இயலும் என்பது உண்மையே. ஆயினும் அது கண்ணெதிரே நிற்றலின், விழிப்புடையோர் அதனைப் படித்துப் பார்த்துத் தப்பலாம்.

மூன்றாவது சிறப்பு, அது வேலைக்கு உதவும். எழுத்தாக உள்ளதைத் தேடலாம், படியெடுக்கலாம், வரிவரியாக விடை எழுதலாம். 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் என்னும் மென்பொருளின் கருப்பகுதியைப் பல நாட்டு வல்லுநர் கூடி வளர்த்து வருகின்றனர். அவர்கள் தாம் செய்யும் திருத்தங்களை எளிய உரை மடலிலேயே அனுப்புகின்றனர். படிப்பவர் ஒவ்வொரு வரியின் கீழும் தம் கருத்தை எழுதுகிறார். உலகின் மிகப் பெரிய மென்பொருட் பணிகளுள் ஒன்றுக்கு ஒப்பனையில்லாத மடலே போதுமானதாயின், பள்ளிக்கும் அலுவலகத்திற்கும் அது போதாது எனல் எங்ஙனம் பொருந்தும்?

'எளிய உரை ஆங்கிலத்திற்கே உரியது. தமிழுக்குப் படமே பாதுகாப்பு' என்று கருதுவோர் சிலர் உளர். ஒரு காலத்தில் அதற்குக் காரணமும் இருந்தது. கணிப்பொறித் தமிழின் தொடக்க காலத்தில் வெவ்வேறு எழுத்துருக்கள் வெவ்வேறு முறையில் தமிழெழுத்துகளைக் குறித்தன. அனுப்பியவரின் எழுத்துரு பெறுபவரிடம் இல்லையெனின், தமிழ்க் கடிதம் பொருளற்ற குறிகளின் குவியலாகத் தோன்றும். 1999-இல் சென்னையில் நடைபெற்ற தமிழிணைய மாநாடு இக்குழப்பத்தை ஒழுங்குபடுத்த முயன்றது. இன்று 'யூனிகோடு' என்னும் பொதுக் குறியீட்டில் தமிழின் ஒவ்வோர் எழுத்துக்குறிக்கும் உலகம் ஒப்பிய எண் உண்டு. ஆதலின், யாழ்ப்பாணத்தில் எழுதிய எளிய தமிழ்மடலை மதுரையிலும் சிங்கப்பூரிலும் எழுத்துப் பிழறாமற் படிக்க இயலும். பலர் உழைத்துப் பெற்ற இவ்வுரிமையைக் கைவிட்டுத் தமிழைப் படத்துக்குள் அடைப்பது, கட்டிய பாலம் இருக்கப் பரிசிலை நாடுவதை ஒக்கும்.

இவ்வாறு கூறுவதனால், படமும் இணைப்பும் அறவே வேண்டா என்பது கருத்தன்று. நிலப்படத்தையும் சான்றிதழையும் சொல்லால் வரைந்துவிட முடியாது. அவற்றை இணைத்தே அனுப்புதல் வேண்டும். ஆனால் மடலின் செய்தி மடலிலேயே இருத்தல் வேண்டும். இணைப்பு, செய்திக்குச் சான்றாகலாம். செய்தியையே ஒளித்து வைக்கும் பெட்டியாதல் ஆகாது.

இனி, மடல்மரபு. பள்ளியில் விண்ணப்பம் எழுதக் கற்கும்பொழுது அனுப்புநர், பெறுநர், பொருள், விளி, செய்தி, 'இப்படிக்கு' என்னும் உறுப்புகளை மாணவர் பயில்கின்றனர். இவை வெறுஞ்சடங்குகள் அல்ல. எழுதுபவர் யார், எதற்காக எழுதுகிறார், யாது வேண்டுகிறார் என்னும் வினாக்களுக்கு இவ்வுறுப்புகள் விடை தருகின்றன. தாளுக்கு உரிய இவ்வொழுங்கு மின்மடலுக்கும் உரியதே.

மாணவி ஒருத்தி கல்வி உதவித்தொகை வேண்டி எழுதுவதாகக் கொள்க. பொருள் வரியை வெறுமையாக விட்டாள். மடலின் உள்ளே ஒரு சொல்லும் எழுதவில்லை. கையால் எழுதிய விண்ணப்பத்தின் படத்தை மட்டும் இணைத்து அனுப்பினாள். அவளுடைய தோழி, 'உதவித்தொகை விண்ணப்பம் – பதினோராம் வகுப்பு' என்று பொருள் வரியில் எழுதினாள். 'மதிப்பிற்குரிய ஐயா' என்று விளித்தாள். தன் பெயர், பள்ளி, வேண்டுகோள், இணைத்துள்ள சான்றிதழ்கள் ஆகியவற்றை ஐந்தே வரியிற் கூறினாள். அலுவலர் மேசையில் இருநூறு மடல்கள் காத்திருக்கின்றன. தோழியின் மடலை அவர் அரை நிமிடத்தில் அறிந்துகொள்வார். முன்னவளின் மடலையோ, யாருடையது என்றே அறியாமல், 'பிறகு பார்ப்போம்' என ஒதுக்கிவிடக் கூடும். இருவர்தம் தகுதியும் ஒன்றே, வறுமையும் ஒன்றே. உதவி கிட்டாமைக்குக் காரணம் எழுதாமல் விட்ட ஒரு வரி என்றால், அவ்வரியின் விலை சிறிதாகுமா?

மரபின் பிற கூறுகளும் இத்தகையனவே. ஒரு மடலில் ஒரு பொருளையே எழுதுதல் நன்று. விடை எழுதும்பொழுது, பழைய மடல் முழுவதையும் வால்போல் இழுத்துச் செல்லாமல், விடைக்கு வேண்டிய வரியை மட்டும் நிறுத்தி அதன் கீழ் எழுதுதல் வேண்டும். ஆசிரியர் ஒருவர்க்கு மட்டும் சொல்ல வேண்டியதை வகுப்பு முழுவதற்கும் அனுப்புதல், சந்தையில் நின்று வீட்டுச் செய்தி பேசுவதை ஒக்கும். மின்மடலில் 'சிசி' என்று குறிக்கப்படும் கட்டம், தட்டச்சுத் தாள்களின் இடையே கரித்தாள் வைத்துப் படியெடுத்த பழைய வழக்கத்திலிருந்து வந்தது; அதில் எழுதிய முகவரிகளை அனைவரும் காண்பர். ஒருவரையொருவர் அறியாத பலருக்கு எழுதும்பொழுது, முகவரியை மறைக்கும் 'பிசிசி' கட்டத்தைப் பயன்படுத்துதல் பிறர் தனிமையைக் காப்பதாகும்.

1995-ஆம் ஆண்டில் சாலி ஹாம்பிரிட்ஜ் என்னும் அம்மையார் தொகுத்தளித்த இணைய ஒழுக்க வழிகாட்டியில் இரண்டு அறிவுரைகள் கருதத்தக்கன. ஆங்கில மடலை முழுவதும் பெரிய எழுத்தில் எழுதினால், அது கூச்சலிடுவதுபோல் தோன்றும் என்பது ஒன்று. உணர்ச்சி மேலிட்டு எழுதும் விடையை ஓர் இரவு கழித்து அனுப்புக என்பது மற்றொன்று. நேரிற் பேசும்பொழுது முகக்குறிப்பு சொல்லின் கடுமையைத் தணிக்கும். மடலில் முகம் இல்லை. தாளில் எழுதிய சினக்கடிதத்தை அஞ்சற்பெட்டிக்குச் செல்லும் வழியிலேனும் கிழித்தெறியலாம். மின்மடலுக்கு அவ்வழிநடை இல்லை. விரலசைவில் அது சென்று சேரும், பெற்றவரிடம் நெடுங்காலம் நிற்கும், பலருக்கும் பரவும். ஆதலால் அனுப்புமுன் ஒருமுறை, படிப்பவரின் இடத்தில் அமர்ந்து அதனைப் படித்துப் பார்த்தல் வேண்டும்.

மின்மடலின் விரைவு பொறியின் ஆற்றல். அதன் பண்பு எழுதுபவரின் ஆற்றல். வண்ணமும் படமும் இல்லாத மடல் வறிய மடல் அன்று. தெளிந்த பொருள் வரியும், முறையான விளியும், அளவான சொல்லும், எழுதியவர் பெயரும் கொண்ட மடலே செல்வ மடல். ரௌலண்டு ஹில் காலத்தில் படிப்பவரின் சுமையை இறக்க ஒரு சட்டம் வேண்டியிருந்தது. இன்று அச்சுமையை இறக்கச் சட்டம் வேண்டா. எழுதுபவரின் சிறு கவனமே போதும். அக்கவனமே மின்மடலின்மேல் ஒட்ட வேண்டிய அஞ்சல்தலை. அதனை ஒட்டாமல் எம்மடலையும் அனுப்புதல் இல்லை என மாணவர் உறுதி கொள்வாராக.