ஓணத்துக்கா, பொங்கலுக்கா?

பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு முனையில் கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம், வேலந்தாவளம். தெற்கே மலைமேல், இடுக்கி மாவட்டத்தின் ஓரத்தில் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு. இந்த இரண்டு எல்லைகளிலும் தமிழும் மலையாளமும் ஒரே தெருவில் குடியிருக்கின்றன. பண்டிகைகளும் அப்படியே. வீட்டுக்கு வெளிப்புறம் பெயிண்ட் அடிக்கும் பேச்சு எழுந்தால் ஒரு வீட்டில் ஓணத்தைக் கெடுவாக வைக்கிறார்கள், பக்கத்து வீட்டில் பொங்கலை. சுவருக்கு எந்தப் பண்டிகையும் கிடையாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் ஈரமும் வெயிலும்தான்.

இந்த விஷயத்தில் பொங்கல் கட்சிக்கே வெற்றி. சிங்க மாதத்து ஓணம் ஆகஸ்ட், செப்டம்பரில் வருகிறது. ஜூன் முதல் வாரத்தில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழையை அதற்குள் சுவர் வயிறு முட்டக் குடித்திருக்கும். வெளியே தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே ஈரம் இறங்கியிருக்காது. அதன்மேல் பெயிண்டைப் பூசினால் ஈரம் வெளியேற வழி தேடி, பெயிண்டைக் கொப்புளமாகத் தள்ளும். கூடவே உப்பும் பூத்து வரும். அடுத்து அக்டோபர், நவம்பரில் துலாமழை. ஆகவே டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரைதான் சுவருக்கு நல்ல காலம். ஏப்ரலில் கோடை மழை குறுக்கிட ஆரம்பித்துவிடும்.

சந்தேகம் இருந்தால் சோதித்துப் பார்க்கச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. இரண்டடிச் சதுரப் பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, ஓர் இரவு விட்டுவிட வேண்டும். காலையில் தாளின் உட்புறம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் பெயிண்டரைத் திருப்பி அனுப்பிவிடலாம். புதிதாகப் பூசிய சுவரானால் பூச்சு முடிந்து குறைந்தது 28 நாளாவது போக வேண்டும். சிமெண்டின் காரம் அடங்காத சுவரில் எந்த உயர்ந்த பெயிண்டும் நிறம் மாறும்.

மாதம் ஒன்றாக இருந்தாலும் இரண்டு எல்லைகளுக்கும் கடிகாரம் வேறு. கணவாய் வழியே வரும் வறண்ட காற்றும் வெயிலும் பாலக்காட்டின் பிரச்சினை. 2024 ஏப்ரலில் அந்த மாவட்டத்தில் வெப்ப அலை வீசுவதாகவே வானிலைத் துறை அறிவித்தது. சுட்டுக் கிடக்கும் சுவரில் பெயிண்ட் இறுகுமுன் தண்ணீர் ஆவியாகிவிடும். படலம் பிடிப்பில்லாமல் மாவாக உதிரும். நல்ல பெயிண்டர் நிழலைத் துரத்திக்கொண்டு வேலை செய்வார். காலையில் மேற்குச் சுவர், மாலையில் கிழக்குச் சுவர். மூணாறு பக்கத்தில் கதையே தலைகீழ். ஜனவரி இரவுகளில் அங்கே குளிர் பூஜ்யத்தை நெருங்குவது உண்டு. எமல்ஷன் பெயிண்ட் சரியாகப் படலமாக ஏறக்குறைய 10 டிகிரி வெப்பமாவது வேண்டும். பனி விலகி, சுவரில் வெயில் பட்ட பிறகு தொடங்கி, பனி இறங்கும் முன் முடித்துவிட வேண்டும்.

கோடைதோறும் கேரளத் தொழிலாளர் துறை பிறப்பிக்கும் உத்தரவிலும் இந்த வித்தியாசம் தெரிகிறது. வெயிலில் நிற்கும் தொழிலாளிக்குப் பகல் 12 முதல் 3 மணி வரை ஓய்வு தரவேண்டும். ஆனால் வெயில் தாக்கும் அபாயமில்லாத, 3,000 அடிக்கு மேலான இடங்களுக்கு விலக்கு. கொழிஞ்சாம்பாறையில் வீட்டுக்காரர் இந்த மூன்று மணி நேரத்தைச் சோம்பல் என்று கணக்கெழுதக் கூடாது. அது சட்டம், சுவருக்கும் நல்லது.

கட்டட பாணி மாறியதும் செலவைக் கூட்டியிருக்கிறது. பழைய ஓட்டு வீட்டில் இறவாரம் நீண்டு இறங்கிச் சுவருக்குக் குடை பிடித்தது. சுண்ணாம்பு அடித்தாலே போதுமாக இருந்தது. தட்டையான கான்கிரீட் கூரை வந்தபோது சுவர் குடையை இழந்தது. பல வீடுகளில் இப்போது மொட்டைமாடிக்கு மேல் தகரக் கூரை போட்டு அந்தக் குடையைத் திரும்ப வாங்குகிறார்கள். கைப்பிடிச் சுவரின் தலையிலோ சன்ஷேடின் மேலோ நீர் இறங்கும் விரிசல் இருந்தால் முதலில் கொத்தனாரைக் கூப்பிட வேண்டும், பெயிண்டர் பிறகு. ஒழுகலைப் பெயிண்ட் மறைக்கும், நிறுத்தாது.

அடுத்தது அளவு. வாக்குவாதங்கள் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கின்றன. '1,200 சதுர அடி வீடு' என்பது தரையின் கணக்கு. பெயிண்ட் அடிப்பது தரைக்கல்ல. 40 அடிக்கு 30 அடி ஒற்றைமாடி வீட்டின் சுற்றளவு 140 அடி. சுவர் 11 அடி உயரம் என்றால் 1,540 சதுர அடி. மூன்றடிக் கைப்பிடிச் சுவரின் இரு பக்கமும் சேர்த்து 840. கதவு, ஜன்னலுக்கு 200 கழித்து, சன்ஷேடுக்கு 120 கூட்டினால் 2,300 சதுர அடி. நல்ல எமல்ஷன் லிட்டருக்கு இரண்டு கோட்டாக ஏறக்குறைய 50 முதல் 60 சதுர அடி வரை வரும். ஆக, சுமார் 42 லிட்டர் தேவை. இந்தக் கணக்கை ஒரு தாளில் போட்டுவைத்திருக்கும் வீட்டுக்காரரிடம் பேச்சு வேறு தினுசில் நடக்கும்.

ஆள் அமர்த்துவதில் மூன்று முறைகள் உண்டு. மூன்றிலும் கண் வைக்க வேண்டிய இடம் வேறு வேறு. பொருளோடு மொத்தக் காண்ட்ராக்ட் என்றால் கவலை தண்ணீரில். பெயிண்டை அதிகமாகக் கரைத்தால் மிச்சமாகும் வாளி காண்ட்ராக்டருடையது. கூலி மட்டும் பேசினால் கவலை கோட்டுகளில். சுரண்டுவதும் பிரைமரும் விரைந்து முடிக்கப்பட, நாள் மிச்சமாகும். நாள்கூலி என்றால் வேலை நிதானமாக, சில சமயம் மிக நிதானமாக நடக்கும். ஆனால் சுரண்டல் வேலை அதிகமுள்ள பழைய சுவருக்கு நாள்கூலியே நியாயம். உதிரும் சுண்ணாம்பையும் பழைய சிமெண்ட் பெயிண்டையும் கடைசித் தூள் வரை எடுக்காமல் மேலே எமல்ஷன் பூசினால் இரண்டும் சேர்ந்தே உரிந்து விழும். பாசி படிந்த மலைவீடுகளில் கம்பிப் பிரஷால் தேய்த்து, பாசிகொல்லி மருந்து அடித்து, கழுவிக் காயவிட வேண்டும். வேலையில் பாதி பெயிண்ட் டப்பாவைத் திறக்குமுன்பே முடிந்திருக்கும்.

எந்தக் கம்பெனிப் பெயிண்ட் என்பதில் பெயிண்டரின் சிபாரிசைக் கேட்கலாம், முடிவை அவரிடம் விடவேண்டியதில்லை. வாளிக்குள் பெயிண்டருக்கென்றே டோக்கன் வைப்பது இந்தத் தொழிலில் நெடுநாள் வழக்கம். அது அவருக்குச் சேரவேண்டியதுதான். ஆனால் அதுவே காரணமாகிவிடக் கூடாது. நிறத்தில் காவி, மஞ்சள் போன்ற மண் நிறங்கள் வெயிலைத் தாங்கும். பளிச்சென்ற சிவப்பும் ஊதாவும் பாலக்காட்டு மேற்குச் சுவரில் சீக்கிரம் வெளுக்கும். மெஷினில் கலக்கும் நிறமானால் எல்லா வாளியையும் ஒரே தடவையில் வாங்கி, நிற எண்ணைக் குறித்துவைப்பது நல்லது.

பழைய கேட், ஜன்னல் கம்பிகளில் கவனம் தேவை. வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக் கூடாது என்ற மத்திய அரசின் விதி 2016-ல் அறிவிக்கப்பட்டு, 2017 நவம்பர் 1 முதல்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமலில் ஈயம் இருக்கக்கூடும். காய்ந்த உப்புத்தாளால் தேய்த்தால் அது தூளாகப் பறந்து குழந்தைகளின் மூச்சிலும் கையிலும் சேரும். நனைத்துத் தேய்த்து, தூளைத் துடைத்தெடுத்து, அதுவரை குழந்தைகளை அப்பால் வைத்திருப்பது பெரிய செலவல்ல.

பெயிண்டர் யார்? ஒரு காலத்தில் தேனி, கோவைப் பக்கத்திலிருந்து எல்லை தாண்டிய தமிழர்கள் கேரளக் கட்டட வேலைகளில் நிறைந்திருந்தார்கள். பிறகு வங்காளம், அஸ்ஸாம், ஒரிசா ஆட்கள் வந்தார்கள். 2013-ல் குலாத்தி நிதி ஆய்வு நிறுவனத்தின் ஆய்வு கேரளத்தில் வெளிமாநிலத் தொழிலாளர்கள் 25 லட்சம் பேர் இருப்பதாக மதிப்பிட்டது. ஏணியில் ஏறுபவர் எந்த மொழிக்காரராயினும் விழும் உயரம் ஒன்றுதான். இடுக்கிச் சரிவுகளில் முன்பக்கம் ஒருமாடியாகத் தெரியும் வீடு பின்பக்கம் இரண்டு மாடி ஆழத்துக்கு இறங்கும். அங்கே சாரம் கட்டாமல், இடுப்புக் கயிறு இல்லாமல் ஆளை ஏற்றுவது சிக்கனமல்ல. சுவரையொட்டி மின்கம்பி போனால், அலுமினிய ஏணியைத் தூக்குமுன் மின்வாரிய அலுவலகத்தில் சொல்லி இணைப்பைத் துண்டிக்கச் செய்ய வேண்டும். காண்ட்ராக்டரிடம் கூலி பேசும்போதே "சாரமும் கயிறும் யார் பொறுப்பு, அடிபட்டால் யார் பார்ப்பது?" என்ற கேள்வியையும் பேசிவிட வேண்டும். பேசத் தயங்கப்படும் கேள்வி இதுதான். ஒரு குடும்பத்தின் சோறு இதில் இருக்கிறது.

பேசியதெல்லாம் ஒரு பக்கத் தாளில் வரவேண்டும். அளவு, பெயிண்டின் பெயர், எத்தனை கோட், எத்தனை நாள், பணம் எந்தக் கட்டத்தில் எவ்வளவு என்று. சுரண்டி பிரைமர் முடிந்ததும் ஒரு தவணை, முதல் கோட் முடிந்ததும் ஒன்று, எல்லாம் முடிந்ததும் ஒன்று. பத்தில் ஒரு பங்கை இரு வாரம் கழித்துத் தருவதாக எழுதிக்கொள்ளலாம். ஆனால் அந்த நாள் வந்ததும் காரணம் தேடாமல் தந்துவிட வேண்டும். காண்ட்ராக்டர் பொள்ளாச்சிக்காரராகவோ கம்பத்துக்காரராகவோ இருந்து, வேலையைக் கெடுத்துவிட்டு எல்லை தாண்டிவிட்டால்? 2020 ஜூலை முதல் அமலில் உள்ள நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வீட்டுக்காரர் தான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே இரண்டு ஆண்டுக்குள் புகார் தரலாம். கொடுத்த தொகை 5 லட்ச ரூபாய் வரை என்றால் கட்டணமும் இல்லை. ஆனால் ரசீதும் அந்த ஒரு பக்கத் தாளும் இல்லாவிட்டால் பேச அங்கே ஒன்றும் இருக்காது.

ஓணத்துக்கு வீடு பளிச்சென்று இருக்க வேண்டுமென்றால் அதற்கும் வழி உண்டு. பிப்ரவரியில் அடித்துவிட்டு, ஆகஸ்டில் சுவரைத் துடைத்துவிட்டால் போதும். பூக்கோலம் எப்படியும் வாசலில்தானே.