வாகன உறையைத் துவைப்பதும் பேணுவதும்



வீட்டில் இருந்தபடியே தையல் மெசினில் உழைக்கும் எனக்கு, சட்டை பாவாடைக்கு அடுத்தபடியாக வருகின்ற வேலை ஓட்டோவுக்கும் காருக்கும் போடும் துணி உறைகள்தான். புதிதாகத் தைப்பதைவிடப் பழையதைத் திருத்தித் தரச் சொல்லி வருபவர்களே அதிகம். 2020 இல் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 இல்தான் தனியார் வாகனங்களுக்கு மறுபடியும் வழி திறந்தது. இடையில் பழைய வண்டிகளின் விலை ஏறியதை எல்லோரும் அறிவோம். நம்மில் சிலர் தாமே ஓட்டோ ஓட்டுகிறார்கள். சிலருக்கு மகனோ தம்பியோ ஓட்டுகின்ற வண்டிதான் வீட்டுச் சீவியம். மாதத் தவணை கட்டி முடியும்வரை அந்த வண்டிக்கு ஒன்றும் ஆகக்கூடாது. ஆகவே இம்மாதம் அந்த உறையைப் பற்றிப் பேசுவோம்.

எங்கள் ஒழுங்கையில் ஓட்டோ ஓட்டும் தங்கச்சி ஒருநாள் கேட்டாள்: "அக்கா, ஒவ்வொரு இரவும் உறை போடுறன். பிறகேன் பெயின்ற் மங்குது?" உறையை மறுபுறம் திருப்பிப் பார்த்தேன். உட்பக்கம் முழுக்கச் செம்மண் தூசி. காற்றுக்கு உறை அசையும்போது அந்த மண் வண்டியின் உடம்பை அரம்போலத் தேய்க்கும். அழுக்கான உறை வண்டியைக் காக்காது, கெடுக்கும். வெளிப்பக்கத்தைவிட உட்பக்கமே முக்கியம் என்பதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

துவைக்கும் முன் உறையைக் காய்ந்தபடியே உதற வேண்டும். தண்ணீர் பட்டால் தூசி சேறாகி நூலுக்குள் இறங்கிவிடும். நெல் காயவிடும் படங்கை முற்றத்தில் விரித்து, அதன்மேல் உறையைப் பரப்புங்கள். வெறும் சீமெந்துத் தரையில் போட்டுத் தேய்த்தால் துணி கிழியும். காகத்தின் எச்சத்தைச் சுரண்ட வேண்டாம். ஈரத்துணியை அதன்மேல் சிறிது நேரம் போட்டு வைத்தால் தானாக இளகிவிடும். எண்ணெய்க் கறைக்குக் கோப்பை கழுவும் திரவத்தில் சில துளி விட்டு, விரலால் மெல்லத் தேய்த்தாற் போதும்.

பிறகு ஒரு வாளி குளிர்ந்த நீரில் சிறிதளவு சலவைத்தூளைக் கரைத்து, மென்மையான பிரஷால் உட்பக்கத்தை முதலிலும் வெளிப்பக்கத்தைப் பின்னரும் தேயுங்கள். யாழ்ப்பாணம் போன்ற சுண்ணாம்புக்கல் நிலத்துக் கிணற்று நீரில் கட்டிச் சவர்க்காரம் நுரைக்காமல் வெள்ளைப் படிவாகத் துணியில் ஒட்டிக்கொள்ளும். அங்கே சலவைத்தூளே நல்லது. மழைநீர் சேமித்திருந்தால் கடைசி அலசலுக்கு அதை வையுங்கள். நுரை முற்றாகப் போகும்வரை அலசுங்கள். மீந்த சவர்க்காரம் அடுத்த தூசியைப் பிடித்து வைக்கும். இந்த வேலையைக் கிணற்றடியில் செய்ய வேண்டாம். அழுக்குநீர் நிலத்தில் ஊறிக் குடிநீரில் சேரும்.

வெளிற்றும் திரவமும் துணியை மென்மையாக்கும் திரவமும் உறைக்கு ஆகாது. முன்னையது நூலை நலிவாக்கும். பின்னையது மழைநீர் வழுகி ஓடும் தன்மையைக் கெடுக்கும். வெள்ளிப் பூச்சுள்ள உறையை அழுத்தித் தேய்த்தாலும் முறுக்கிப் பிழிந்தாலும் பூச்சு உரியும். எந்த உறைக்கும் இஸ்திரிக்கை வைக்க வேண்டாம்.

மாரி காலத்தில் கறுப்புப் புள்ளியாகப் பூஞ்சணம் பிடிக்கும். ஒரு பங்கு வினாகிரியை நான்கு பங்கு நீரில் கலந்து தடவி, அரை மணி நேரம் விட்டு அலசுங்கள். வினாகிரியை வெளிற்றும் திரவத்துடன் ஒருபோதும் கலக்காதீர்கள். அதிலிருந்து வரும் நச்சு வாயு மூச்சை அடைக்கும்.

நனைந்த உறை பெரும் பாரம். தனியாகத் தூக்கி முதுகைப் பிடிக்க வைக்காதீர்கள். கையிலோ காலிலோ காயத்தின் பாதிப்பு உள்ளவர்கள், படங்கின் ஓரம் ஒரு சிறிய முக்காலியில் இருந்துகொண்டு பகுதி பகுதியாகத் துவைக்கலாம். நீர் வடிந்து பாரம் குறைந்த பின் இன்னொருவர் துணையுடன் இரண்டு கொடிக்கயிறுகளில் நிழலில் விரியுங்கள். தையல் ஓரங்களைக் கையால் பிடித்துப் பாருங்கள். அங்கேதான் ஈரம் கடைசியாகப் போகும். ஈரமுள்ள உறையை மடித்தாலும், நனைந்த வண்டியின்மேல் போட்டாலும் பூஞ்சணமும் துருவும் பிடிக்கும்.

2009 இல் செட்டிகுளம் முகாம்களில் தறப்பாளின் கீழ் இருந்தவர்களுக்கு, வெயில் ஒரு விரிப்பை என்ன செய்யும் என்று நான் சொல்லத் தேவையில்லை. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிரே நூலை உடைக்கிறது. உறையும் அப்படியே. முடிந்தால் வண்டியைக் கொட்டிலிலோ மர நிழலிலோ நிறுத்துங்கள். சிறிய கிழிசலை அன்றே பொலியெஸ்டர் நூலால் ஒட்டுப்போட்டுத் தையுங்கள். பருத்தி நூல் மழையில் உக்கிவிடும். தளர்ந்த இலாஸ்டிக்கையும் மாற்றுங்கள். தளர்ந்த உறைதான் காற்றில் அதிகம் அசையும்.

இதை ஒரு வருமானமாகவும் செய்யலாம். ஊரில் கார் வைத்திருப்பவர்கள் பலருக்கு இவ்வளவு பெரிய துணியைத் துவைக்க இடமுமில்லை, நேரமுமில்லை. உறையைப் பொறுப்பேற்கும்போதே ஓரத்தைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். தூளாக உதிர்ந்தால், "இது துவைச்சால் தாங்காது" என்று உரியவருக்கு முன்னிலையிலேயே சொல்லிவிடுங்கள். இருக்கும் கிழிசல்களைக் கொப்பியில் குறித்து அவரிடம் கையெழுத்து வாங்குங்கள். பிறகு வீண்பழி வராது. துவைப்புக்கும் தையலுக்கும் வெவ்வேறாகக் கூலி சொல்லுங்கள். நூலுக்கும் சலவைத்தூளுக்கும் செலவானதை முதலில் கழித்துவிட்டு, உங்கள் நேரத்துக்கு என்ன மிஞ்சுகிறது என்று பாருங்கள். தெரிந்தவர் என்பதற்காக அந்த நேரத்தை இலவசமாகக் கொடுக்காதீர்கள். அதுவும் உங்கள் பிள்ளைகளின் சோறு.

மாரி தொடங்குமுன் ஒருமுறை உங்கள் உறையைத் திருப்பி உட்பக்கத்தைப் பாருங்கள். அடுத்த மாதம் சந்திப்போம்.