எங்கே கடிக்குது?

செருப்பு கடித்தால் எங்கே கடிக்கிறது என்று சொல்ல வேண்டும். சுண்டுவிரலா, குதிகாலா? 'செருப்பு மட்டம்' என்று கத்தினால், பாவம், தைக்கிறவர் எந்த இடத்தில் ஊசி போடுவார்?

இந்த ஞானம் எனக்கு ஆம்பூரில் கிடைத்தது. வேலூரிலிருந்து பஸ் பிடித்து, பள்ளிகொண்டா, மாதனூர் தாண்டினால், தோல் ஷாப் வாசனையும் பிரியாணி வாசனையும் ஒன்றையொன்று ஜெயிக்கப் பார்க்கிற ஊர் வரும். அங்கே ஒரு ஷூ கம்பெனியின் எக்ஸ்போர்ட் செக்‌ஷனில் நண்பரின் தம்பிக்கு வேலை. ஷிப்மென்ட் அவசரம் என்பதால் ஞாயிற்றுக்கிழமையும் ஆபீஸ். பிரியாணியை நம்பிப் போன என்னைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்துவிட்டான்.

"பாருங்க சார், இவனுங்க பண்ற அநியாயத்தை!"

அநியாயம் இதுதான். ஜெர்மனி பார்ட்டி அனுப்பிய பேக்கிங் லிஸ்ட்டைத் திறந்தால் 40, 41, 42 என்ற சைஸ் கட்டங்கள் டவுன் பஸ் கூட்டம் மாதிரி ஒன்றன் மேல் ஒன்று ஏறி நிற்கின்றன. சாஃப்ட்வேர் இலவசம். ஓப்பன் சோர்ஸ். அதாவது, சாப்பாட்டையும் போட்டு, சமையல் குறிப்பையும் கையில் கொடுக்கிற அன்னதானம். ருசி பிடிக்காவிட்டால் குறிப்பைத் திருத்தி நீங்களே சமைத்துக்கொள்ளலாம். தம்பி சமைக்கவில்லை. பரிமாறியவரைத் திட்டி மெயில் அனுப்பியிருந்தான்:

'உங்கள் சாஃப்ட்வேர் வேலை செய்யவில்லை. படு மட்டம். நாளைக்குள் சரிசெய்யவும். அர்ஜென்ட்!!!!'

எண்ணிப் பார்த்தேன். நாலு ஆச்சரியக்குறி.

பதிலும் வந்திருந்தது: 'மிகவும் வருந்துகிறோம். நீங்கள் கட்டிய பணத்தை முழுவதுமாகத் திருப்பித் தந்துவிடுகிறோம்.'

"எப்ப சார் அனுப்புவாங்க?"

"நீ எவ்வளவு கட்டினே?"

"ஒண்ணும் கட்டலியே..."

கொஞ்ச நேரம் ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது.

என் கட்சி, இரண்டு பேர் மேலும் தப்பு. இவனுக்குக் கேட்கத் தெரியவில்லை. அவருக்குக் கேட்டவனைக் கிள்ளாமல் இருக்கத் தெரியவில்லை. கிள்ளுவதற்கு அந்த உலகத்தில் பெரிய பாரம்பரியமே உண்டு. 1991-ல் லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், சக புரோகிராமர்களைக் காய்ச்சி எடுப்பதில் பேர் போனவர். 2018 செப்டம்பரில் அவரே மன்னிப்புக் கேட்டு, கொஞ்ச நாள் லீவு எடுத்துக்கொண்டு, அக்டோபரில்தான் திரும்பினார். மரியாதை என்ற பாடத்துக்கு வர அவருக்கே 27 வருஷம் பிடித்திருக்கிறது.

'போகட்டும் சார், நாலு வார்த்தை திட்டினால் என்ன குடி முழுகிவிடும்?' என்று கேட்பீர்கள். ஒரு தடவை முழுகத்தான் பார்த்தது.

எக்ஸ்இஸட் என்று ஒரு சின்ன சாஃப்ட்வேர். ஃபைலை அமுக்கிச் சுருக்குவது அதன் வேலை. உலகமெங்கும் லினக்ஸ் கம்ப்யூட்டர்களில் அது உண்டு. அதைக் கவனித்துக்கொண்டவர் பின்லாந்தைச் சேர்ந்த லாஸ்ஸே காலின் என்கிற ஒரே ஒருத்தர். சம்பளம் கிடையாது. 2022-ல் அவருக்கு மெயில் மேல் மெயில். ஏன் இத்தனை தாமதம், முடியவில்லை என்றால் வேறு ஆளிடம் கொடு என்று நச்சரிப்பு. தனக்கு மனநலம் சரியில்லை, இது சம்பளமில்லாமல் செய்கிற வேலை என்று அவர் சொல்லிப் பார்த்தார். விடவில்லை. ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் பக்கத்தில் நின்று பணிவாக ஒத்தாசை செய்துகொண்டிருந்தார். பொறுப்பு மெல்ல அவர் கைக்கும் போயிற்று.

2024 தொடக்கத்தில் வந்த புது வெர்ஷனில், சர்வர்களுக்குள் நுழைய ஒரு கள்ளச்சாவி ஒளிந்திருந்தது! நச்சரித்தவர்களும் அதே கூட்டத்தின் செட்டப் என்றே பலரும் சந்தேகிக்கிறார்கள். நிஜமான ஜனங்கள் இப்படித்தான் தினமும் திட்டுகிறார்கள் என்பதால், பொய்யாகத் திட்டியது அப்போது யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை.

காப்பாற்றியது யார்? மைக்ரோசாஃப்டில் வேலை பார்க்கும் ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட். லாகின் ஆக வழக்கத்தைவிட அரை செகண்ட் அதிகமாகிறதே என்று நோண்டப் போய்ப் பிடித்துவிட்டார். 2024 மார்ச் 29-ல் அவர் வெளியிட்ட அறிக்கையில் கூச்சல் இல்லை. எந்த வெர்ஷன், எவ்வளவு தாமதம், எந்த ஃபைலில் விஷமம் என்று வரிசையாக எழுதியிருந்தார். எங்கே கடிக்கிறது என்று சொன்னார், அவ்வளவுதான். உலகம் அவசர அவசரமாகச் செருப்பைக் கழற்றியது.

கவனியுங்கள், கள்ளச்சாவி வைத்த ஆசாமியும் பணிவாகத்தான் பேசினார். ஆகவே மரியாதை என்பது குழைவது அல்ல. எதிராளியின் நேரத்தை மதிப்பது.

இதைத் தம்பிக்கு எப்படிப் புரியவைப்பது என்று யோசித்தபோது, சுவரில் ஒரு காகிதம் கண்ணில் பட்டது. வெளிநாட்டு பார்ட்டி அனுப்பிய புகார். ஆர்ட்டிகிள் நம்பர், லாட் நம்பர், சைஸ் 42, இடது கால், முன்பக்கம் ஸோல் பிரிகிறது, 12 ஜோடியில் 3. போட்டோ இணைப்பு.

"இதைப் படிச்சா கோபம் வருதா?"

"இல்லை சார். இப்படி எழுதினா எந்த மிஷின், எந்தப் பசைன்னு அரை மணியில கண்டுபிடிச்சிரலாம்."

"அப்போ நீயும் இதே மாதிரி எழுது."

எழுதினான். என்ன வெர்ஷன், எதைத் திறந்தான், என்ன எதிர்பார்த்தான், என்ன வந்தது. பார்ட்டி பெயர், விலை எல்லாம் அழித்துவிட்டு மாதிரிக்கு ஒரு சின்ன ஃபைலையும் சேர்த்தான். முதல் மெயிலுக்கு ஒரு வரி ஸாரி. அப்புறம்தான் பிரியாணி.

சாப்பிடும்போது எனக்கே உறுத்தியது. தமிழா குழு இலவசமாகத் தந்த இ-கலப்பையை வைத்துக்கொண்டு வருஷக்கணக்காகத் தமிழில் தட்டிக்கொண்டிருந்தேன். ஒரு நாளாவது நன்றி என்று ஒரு வரி தட்டினேனா? உபதேசம் ஊருக்குத்தான்.

மூன்றாம் நாள் தம்பியிடமிருந்து போன்.

"சார், பதில் வந்திருச்சு! என்னோடது பழைய வெர்ஷனாம். புதுசு போட்டதும் கட்டமெல்லாம் ஒழுங்கா உக்காந்திருச்சு."

"தேங்க்ஸ் எழுதினியா?"

"எழுதினேன் சார். நாலு ஆச்சரியக்குறி போட்டு."