எத்தனை தலைமுறைக்குப் பின் ஒருவர் உள்ளூர்க்காரர்?

பெங்களூரு அல்சூர் ஏரிக்கரையில் 1991இல் நிறுவப்பட்ட திருவள்ளுவர் சிலை 18 ஆண்டுகள் திறக்கப்படாமலே இருந்தது. 2009 ஆகஸ்ட் 9 அன்று அது திறக்கப்பட்டது. நான்கு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் சர்வக்ஞர் சிலை திறக்கப்பட்டது. இரு மாநில நல்லுறவின் வெற்றி என்று பலரும் மகிழ்ந்தனர். பெங்களூருத் தமிழர் தம் சொந்த ஊரில் ஒரு சிலையைக் காண, சென்னையில் ஈடு காட்ட வேண்டியிருந்தது என்பதை எவரும் உறுத்தலாகக் கருதவில்லை. அவர்களை அந்நகரின் குடிகளாக எண்ணியிருந்தால் இந்தப் பண்டமாற்றுக்குத் தேவையே எழுந்திராது.

ஆய்வுலகமும் இதே பிழையைச் செய்கிறது. 1809இல் ஆங்கிலேயர் கண்டோன்மெண்ட் அமைத்த காலத்தில் வந்தவர்களின் வழித்தோன்றலும், சென்ற ஆண்டு மென்பொருள் வேலைக்கு வந்தவரும் 'புலம்பெயர்ந்தோர்' என்னும் ஒரே சொல்லுக்குள் அடைக்கப்படுகின்றனர். தொம்லூர் சொக்கநாதசுவாமி கோயிலின் தமிழ்க் கல்வெட்டுகள் கண்டோன்மெண்டுக்குப் பல நூற்றாண்டுகள் முந்தியவை. இதைக் காட்டி முதலுரிமை கோருவதும் வீண். ஊர்ப்பெயரைத் தாங்கிய பேகூர்க் கன்னடக் கல்வெட்டு அவற்றினும் பழமையானது. பன்மொழிப் புழக்கம் இம்மண்ணின் பழைய இயல்பு என்பதையே இச்சான்றுகள் நிறுவுகின்றன.

ஒன்றிணைதலுக்குத் தாய்மொழி தடை என்போர் மாஸ்தி வெங்கடேச ஐயங்காரை நினைக்கட்டும். தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட அவர் கன்னடத்தில் எழுதி 1983ஆம் ஆண்டுக்கான ஞானபீட விருதைப் பெற்றார். தமிழ்க் குடும்பத்தில் பிறந்த டி.பி. கைலாசம் நவீனக் கன்னட நாடகத்தின் முன்னோடியானார். கன்னட உலகம் இருவரையும் தம்மவராகவே போற்றுகிறது. அது அதன் பெருமை. ஆனால், 1991 டிசம்பரில் காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணை அரசிதழில் வெளியானபோது மூண்ட வன்முறைக்கு இரையானோருள் குடிசைவாழ் தமிழரும் கூலித் தொழிலாளரும் இருந்தனர். சந்தையில் கன்னடமும் வீட்டில் தமிழும் பேசும் தொழிலாளிக்கு ஏன் அந்த ஏற்பு கிட்டவில்லை? மொழியைக் காரணம் காட்டும் ஐயம் ஏழையின் வாசலில் மட்டும் வந்து நிற்குமானால், அதன் வேர் வர்க்கத்திலும் சாதியிலும் தேடப்பட வேண்டும்.

பல்லாண்டு வாழ்ந்தும் கன்னடம் கற்க மறுக்கும் செருக்குக்கு இது வக்காலத்து அன்று. அண்டை வீட்டாரின் மொழியை அறியாதிருப்பது அவமதிப்பே. அம்மொழியைக் கற்றபின்னும் தாய்மொழியை மறந்து காட்டு எனக் கேட்பது அதனினும் பெரிய அநீதி. தமிழ் பேசத் தெரிந்தும் எழுதப் படிக்கத் தெரியாத பிள்ளைகள் அல்சூரிலும் சிவாஜிநகரிலும் வளர்கின்றனர். அவர்கள் ஏற்கெனவே பாதியை இழந்துவிட்டனர். ஆயினும் காவிரிப் பூசல் எழும்போதெல்லாம் அவர்களின் பெற்றோர் பொது இடத்தில் குரலைத் தாழ்த்தியே பேச நேர்கிறது.

'இவர்கள் எவ்வளவு ஒன்றிணைந்துள்ளனர்?' என்று ஆய்வேடுகள் கேட்டது போதும். தன் மண்ணில் பிறந்தவரைத் தன்னவர் என ஏற்க ஒரு நகரம் எத்தனை தலைமுறை எடுத்துக்கொள்ளும் என்பதே இனிக் கேட்கப்பட வேண்டிய வினா.