நிறுக்காமல் கொட்டிய கொழுந்து



தராசின் அருமையை அப்புத்தளைப் பக்கத்துப் பெண்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கொழுந்தை நிறுத்த பின்பே பெயருக்கு நேரே கிலோ எழுதப்படும். நிறுக்காமல், பெரிய சாக்கைச் சிறிய பெட்டிக்குள் கொட்டினால் என்னவாகும்? மிஞ்சியது பக்கத்துப் பெட்டியில் விழுந்து, அங்கிருப்பதையும் கெடுத்துவிடும்.

கணினிக்குள்ளும் இதுதான் நடந்தது. கணினியின் எல்லா வேலைகளையும் ஆளும் உட்கருவுக்குக் 'கர்னல்' என்று பெயர். வீட்டுச் சாவிக்கொத்து முழுவதும் அதன் கையில்தான். விண்டோஸின் உட்கருவில் கோப்புகளைப் பகிரும் பகுதியொன்று, வெளியிலிருந்து வரும் பட்டியலின் அளவைப் பிழையாகக் கணக்கிட்டது. சிறிய இடம் ஒதுக்கி, பெரிய பட்டியலைக் கொட்டியது. வழிந்து விழுந்ததையே திருடர்கள் தம் கட்டளையாக்கிக் கொண்டார்கள்.

2017 மே 12ஆம் திகதி 'வொன்னாக்ரை' என்ற நச்சுநிரல் இவ்வழியால் புகுந்தது. யாரும் எதையும் திறக்கத் தேவையில்லை. கணினிக்குக் கணினி தானாகவே தாவியது. கோப்புகளைப் பூட்டிவிட்டு, 300 டொலர் கப்பம் கேட்டது. சுமார் 150 நாடுகளில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் முடங்கின. இந்தியாவில் ஆந்திரப் பொலிஸாரின் கணினிகளும் தப்பவில்லை. இங்கிலாந்தில் வைத்தியசாலைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின, சத்திரசிகிச்சைகள் தள்ளிப்போயின.

இதில் மனதை உறுத்துவது எது தெரியுமா? மைக்ரோசொப்ட் நிறுவனம் அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மார்ச் 14ஆம் திகதியே வெளியிட்டிருந்தது. பாதிக்கப்பட்டவற்றில் பெரும்பாலானவை விண்டோஸ் 7 கணினிகள். அவற்றுக்கு மருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. இரண்டு மாதமாகியும் பலர் போடவில்லை.

சகோதரிகளே, உங்கள் கைத்தொலைபேசியிலும் ஓர் உட்கரு உண்டு. "புதுப்பிக்கவும்" என்று அது கேட்கும்போது, "பிறகு" என்பதை அழுத்திவிட்டு அடுப்படிக்குப் போய்விடுகிறோம் அல்லவா? இன்றிரவே அதைச் செய்து முடியுங்கள். ஆனால் குறுஞ்செய்தியில் வரும் இணைப்பை நம்பாதீர்கள். தொலைபேசியின் 'செட்டிங்ஸ்' பகுதிக்குச் சென்றே புதுப்பியுங்கள். திருத்தங்கள் வருவது நின்றுபோன பழைய தொலைபேசியில் வங்கிக் கணக்கை வைத்திருக்காதீர்கள். விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவும் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிந்துவிட்டது.

மறைந்த பெற்றோரின் படங்கள், வெளிநாட்டிலிருக்கும் கணவரின் குரற்பதிவு, பிள்ளைகளின் பாடக்குறிப்புகள் யாவும் உங்களிடமுள்ள அமானிதங்கள். அவற்றுக்கு இன்னொரு பிரதி எடுத்து, கணினியோடு இணைக்காமல் தனியே வையுங்கள். பூட்டியவன் கப்பம் கேட்டாலும், உங்கள் பொருள் உங்களிடமே இருக்கும்.