பாண்டவர் எங்கே?

1957ஆம் ஆண்டில் வெளிவந்த ‘மாயா பஜார்’ படத்தை நம் அன்பர்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டுவதில்லை. கே. வி. ரெட்டி அவர்கள் தமிழிலும் தெலுங்கிலும் எடுத்த படம் அது. கடோத்கஜனாக வரும் எஸ். வி. ரங்காராவ் கல்யாண விருந்து முழுவதையும் தனி ஆளாக விழுங்கும் காட்சிக்காகவே நாம் அதனைப் பன்முறை கண்டு களித்திருக்கிறோம். சென்ற ஞாயிறன்று, தாராவியில் நம் வீட்டுத் தொலைக்காட்சியில் மீண்டும் கண்டோம். இம்முறை நம் பத்து வயது மகளும் உடனிருந்தாள். வந்தது வினை!

“எல்லா லட்டையும் அவரே தின்றுவிட்டால் பந்தியில் என்ன போடுவார்கள், அப்பா?”

“மாயத்தால் வரும், அம்மா.”

“மாயத்தால் வருமென்றால் முதலில் சமைத்தது எதற்கு?”

நாம் வாயடைத்துப் போனோம். அவள் விடவில்லை. துவாரகையில் ஓர் அதிசயப் பெட்டி இருக்கிறது. திறப்பவருக்கு அவர் மனத்துக்கு உகந்தவரை அது காட்டும். அப்படியொரு பெட்டியை வீட்டில் வைத்துக்கொண்டே, மகள் வத்சலையின் மனத்தை அறியாதவர்போல அவளைத் துரியோதனன் மகனுக்குப் பேசி முடிக்கிறாரே பலராமர்! இது என்ன நியாயம் என்றாள்.

நமக்கும் நெடுநாளாக ஒரு குறை உண்டு. கௌரவர் கூட்டம் கடோத்கஜனின் மாய விடுதியில் வசமாக அகப்பட்டிருக்கிறது. அவனோ அவர்களை ஆட்டிவைத்துச் சிரித்து, உயிரோடு அனுப்பிவிடுகிறான். அங்கேயே கணக்கைத் தீர்த்திருந்தால் பதினெட்டு நாள் போர் எதற்கு? அப்போரின் 13ஆம் நாளில் அபிமன்யுவும், 14ஆம் நாள் இரவில் கடோத்கஜனும் மாண்டதாகவன்றோ பாரதம் கூறுகிறது!

இவற்றையெல்லாம் பட்டியலிட்டுக்கொண்டிருக்கையில் மகள் கேட்டாள்: “அபிமன்யுவின் அப்பா எங்கே?”

திடுக்கிட்டோம். பாண்டவர் வீட்டுக் கல்யாணக் கதை இது. ஆயினும் படம் முழுவதிலும் ஐவருள் ஒருவர்கூட முகம் காட்டுவதில்லை! சூதில் தோற்றுக் காடு சென்றனர் என்றோம்.

“பிள்ளை கல்யாணத்துக்குக்கூடவா வரமாட்டார்கள்?”

அதுவரை மூலையில் மௌனமாக அமர்ந்திருந்த நம் தந்தையார் வாய் திறந்தார். “வர முடிஞ்சா வராம இருப்பாங்களா, தாயி?”

நமக்கு 2020ஆம் ஆண்டுச் சித்திரை மாதம் நினைவுக்கு வந்தது. நம் தங்கைக்குத் திருநெல்வேலியில் திருமணம். ஊரடங்கினால் பயணிகள் இரயில்கள் யாவும் நின்றுபோயின. நமக்கோ இரயில்வேயில் குமாஸ்தா உத்தியோகம். ஆயினும் ஊருக்குப் போக வண்டி இல்லை! பெண்ணைப் பெற்ற தந்தை தாராவியில் பத்தடி அறைக்குள் இருக்க, தாய்மாமன் தாரை வார்த்தார். தந்தையார் வேட்டி மடிப்புக் கலையாமல் உடுத்தி, கைபேசியின் முன் அமர்ந்திருந்தார். தாலி ஏறியதும் அட்சதையைக் கைபேசியின்மீது தூவினார். பின்பு அரிசி மணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, துண்டில் முடிந்துகொண்டார். அவர் கையிலிருந்ததும் அந்தத் துவாரகைப் பெட்டிதான். உகந்தவரைக் காட்டியது, அருகில் கொண்டுபோய் விடவில்லை.

பிழைக்க வந்த ஊரிலிருந்து வீட்டு விசேஷத்திற்குப் போக இயலாமற்போனவர் நம்மவரில் எத்தனை பேர்! ஆகவே, குறைகளின் பட்டியலிலிருந்து பாண்டவர் பெயரை அடித்துவிட்டோம்.

லட்டுக் கணக்கு மட்டும் இன்னும் நேராகவில்லை.